இன்னைக்கு என்ன நாள்? வினோத தினங்களும் விசித்திர செய்திகளும் சேர்த்து ஒரு கலகலப்பான தொகுப்பு போடுறது எப்படி – முழுமையான வழிகாட்டி

காலையில குரூப்ல வர்ற குட்மார்னிங் ரோஜாப்பூ படத்தை பாதிப்பேர் திறந்து கூட பாக்குறதில்ல. ஆனா மார்ச் 30 அன்னிக்கு "இன்னைக்கு உலக இட்லி தினம், 2015ல இதை ஆரம்பிச்சு வச்சதே நம்ம சென்னை மல்லிப்பூ இட்லி இனியவன்தான்"னு ரெண்டே வரி போட்டுப் பாருங்க, கொஞ்ச நேரத்துல ஒருத்தர் அவங்க வீட்டு இட்லித் தட்டை போட்டோ எடுத்து போடுவாங்க, இன்னொருத்தர் காஞ்சிபுரம் இட்லிதான் ஒசத்தின்னு வம்புக்கு வருவாங்க, ஊர்ல இருக்கிற அத்தை வாய்ஸ் மெசேஜ்ல மாவு அரைக்கிற பக்குவம் சொல்லுவாங்க. சின்னச் செய்தி ஒண்ணு இத்தனை பேரை பேச வைக்குது, அதனாலதான் இந்த வேலை எனக்கு ரொம்ப பிடிக்கும்.

ஸ்கூல் காலை வழிபாட்டுக்கு "இன்றைய சிறப்பு" தயார் பண்ற டீச்சர்ஸ், ஆபீஸ் நோட்டீஸ் போர்டு பாத்துக்கிறவங்க, குடும்ப குரூப், அபார்ட்மெண்ட் குரூப் நடத்துறவங்க எல்லாருக்கும் இது உதவும். அவசரப்பட்டு எதையாவது எடுத்து ஃபார்வர்டு பண்றதுக்கும் உக்காந்து ஒரு தொகுப்பு போடுறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு, அதை ஒவ்வொரு படியா சொல்றேன்.

படி 1: யாருக்கு போடுறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

இதுல ரொம்ப யோசிக்க ஒண்ணுமில்ல. ஸ்கூலுக்குன்னா ஒரு நிமிஷத்துல வாசிச்சு முடிக்கிற அளவு, வாட்ஸ்அப்னா "மேலும் படிக்க" அமுக்காமலே தெரியுற அளவு. ஒரு தினம், ஒரு வெளியூர் செய்தி, ஒரு நம்மூர் செய்தி, மூணு போதும். பத்து போட்டா ஒண்ணு கூட மனசுல நிக்காது. தினமும் முடியலன்னா வாரத்துக்கு ஒண்ணு போடுங்க, ஆனா கிழமை மாறாம போடுங்க.

படி 2: இந்த நாளையெல்லாம் யார் உண்டாக்குறாங்கன்னு தெரிஞ்சுக்கோங்க

"இன்னைக்கு உலக அது தினம்"னு வந்ததும் நான் பாக்குற முதல் விஷயம் அதை யார் அறிவிச்சாங்கங்கிறதுதான். பெரும்பாலும் நாலு வகைக்குள்ள வந்துரும்.

ஒண்ணு, ஐ.நா. சபை தீர்மானம் போட்டது. ஜூன் 21 யோகா தினம் (2014ல தீர்மானம்), மே 20 தேனீ தினம் (ஸ்லோவேனியா நாடு கேட்டு 2017ல கிடைச்சது), மே 2 சூரை மீன் தினம், பிப்ரவரி 10 பருப்பு வகைகளுக்கான தினம். ஆமா, துவரம்பருப்புக்கும் உளுந்துக்கும் ஐ.நா.வுல ஒரு நாள் இருக்கு! வீட்ல சாம்பார் வைக்கும்போது சொல்லிப் பாருங்க, யாரும் நம்ப மாட்டாங்க.

ரெண்டு, ஒரு அமைப்போ சங்கமோ ஆரம்பிச்சது. மார்ச் 20 உலக சிட்டுக்குருவி தினம் நாசிக்ல இருக்கிற நேச்சர் ஃபாரெவர் சொசைட்டி முன்னெடுத்து 2010ல முதல் தடவை கொண்டாடுனாங்க. ஆகஸ்ட் 13 இடதுகைக்காரர் தினம் 1976ல இருந்து இருக்கு. ஆகஸ்ட் 22 மெட்ராஸ் டே கூட இந்த வகைதான், 1639ல ஊருக்கான இடம் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்த தேதியை வச்சு 2004ல சில பத்திரிகையாளர்கள் சேர்ந்து தொடங்கி வச்சாங்க, எந்த அரசு உத்தரவும் இல்லாம ஊரே கொண்டாடுற அளவுக்கு வளந்துருச்சு.

மூணாவது வகைதான் எனக்கு ரொம்ப இஷ்டம், தனி ஆளு சும்மா ஆரம்பிச்சது. ஹரோல்ட் காஃபின்னு அமெரிக்காவுல ஒரு பத்திரிகை எழுத்தாளர், ஜனவரி 16ஐ "ஒண்ணுமில்லா தினம்"னு அறிவிச்சாரு, 1973ல இருந்து இருக்கு, அன்னிக்கு எதையும் கொண்டாடக்கூடாது, யாருக்கும் மரியாதை செலுத்தக்கூடாது, சும்மா உக்காந்திருக்கணும், அவ்வளவுதான். நமக்கு அந்த தேதியில மாட்டுப்பொங்கலோ காணும் பொங்கலோ வந்துரும், அதனால தமிழ்நாட்டுல இந்த தினத்தை அனுசரிக்க வாய்ப்பே இல்ல. அதே மாதிரி செப்டம்பர் 19 "கடற்கொள்ளையன் மாதிரி பேசுற தினம்". 1995ல ரெண்டு நண்பர்கள் ராக்கெட்பால் (மட்டையால சுவத்துல பந்தடிக்கிற ஆட்டம்) விளையாடிக்கிட்டே பேசுன பேச்சு, 2002ல ஒரு பிரபல பத்தி எழுத்தாளர் அதைப்பத்தி எழுதப்போக உலகம் பூரா பரவிருச்சு. ஏன் 19ஆம் தேதின்னா, ரெண்டு பேர்ல ஒருத்தரோட முன்னாள் மனைவி பிறந்தநாள் அது, அதனால தேதி மறக்காதாம்.

நாலாவது வகை கம்பெனிகளும் வியாபார சங்கங்களும் விக்கிறதுக்காக கொண்டு வர்றது. இதைப் போடக்கூடாதுன்னு இல்ல, பின்னாடி நல்ல கதை இருக்கான்னு பாத்து போடுங்க. உதாரணமா டோனட் தினம்னு கேட்டதும் கடைக்காரங்க வேலைன்னு தோணும், ஆனா 1938ல சிகாகோவுல சால்வேஷன் ஆர்மிங்கிற கிறிஸ்தவ தொண்டு அமைப்பு ஆரம்பிச்சது அது, முதல் உலகப்போர்ல சிப்பாய்களுக்கு டோனட் சுட்டுக் குடுத்த பெண்களை கௌரவிக்க வச்ச நாள். இந்த ஒரு வரியைச் சேர்த்துட்டீங்கன்னா விளம்பரமா இருந்தது செய்தியா மாறிடும்.

இப்படி நாட்களையெல்லாம் திரட்டுறதையே தொழிலா வச்சிருந்தவங்களும் உண்டு. அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலம் ஃப்ளிண்ட் ஊர்ல சேஸ்னு ஒரு குடும்பம், 1957ல சின்ன வெளியீடா ஆரம்பிச்ச நாள்காட்டி பின்னாடி வருஷா வருஷம் தலகாணி சைஸ் புத்தகமா வர ஆரம்பிச்சிருச்சு, வானொலிக்காரங்களும் நூலகங்களும் அதைத்தான் புரட்டுவாங்க.

படி 3: உங்களுக்குன்னு ஒரு வருஷ டைரி போடுங்க

பழைய டைரி ஒண்ணு எடுங்க, இல்ல போன்ல எக்செல் ஷீட் திறங்க. தேதி, என்ன நாள், யார் ஆரம்பிச்சது, எந்த வருஷம், எங்க சரிபாத்தீங்க, இந்த அஞ்சு கட்டம் போதும். வாரத்துல ஒரு மணி நேரம் ஒதுக்கி வர்ற வாரத்துக்கு நிரப்புனா காலையில திணற வேண்டியதில்ல.

டைரி போடும்போது மூணு இடத்துல வழுக்கும். முதலாவது, தேதி மாறுற நாட்கள். டோனட் தினம் ஜூன் மாசம் முதல் வெள்ளி, நம்ம ஊர் நண்பர்கள் தினம் ஆகஸ்ட் முதல் ஞாயிறு, அதனால போன வருஷ தேதியை அப்படியே எடுத்து போட்டா மாட்டிக்குவீங்க.

ரெண்டாவது, ஒரே விஷயத்துக்கு ரெண்டு நாள். டீ தினம் 2005ல இருந்து இந்தியா, இலங்கை மாதிரி தேயிலை விளையிற நாடுகள்ல டிசம்பர் 15, ஆனா ஐ.நா. 2019ல அறிவிச்சது மே 21. நண்பர்கள் தினம் ஐ.நா. கணக்குல ஜூலை 30. ஆசிரியர் தினம் நமக்கு செப்டம்பர் 5, உலகத்துக்கு அக்டோபர் 5. குழந்தைகள் தினம் நமக்கு நவம்பர் 14, ஐ.நா.வுக்கு நவம்பர் 20. ரெண்டுமே சரிதான், "எந்தக் கணக்குப்படி"ன்னு ஒரு வார்த்தை சேர்த்துட்டா யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க.

மூணாவதுதான் சுவாரசியம். மார்ச் 14 பை தினம், கணக்குல வர்ற அந்த 3.14க்காக 1988ல சான் பிரான்சிஸ்கோ எக்ஸ்ப்ளோரடோரியம் அறிவியல் மையத்துல லாரி ஷாங்கிறவர் ஆரம்பிச்சது, 2019ல யுனெஸ்கோ அதே நாளை சர்வதேச கணித தினமாவே ஆக்கிருச்சு. ஆனா மாசத்தை முன்னாடி போட்டு 3/14னு எழுதுறது அமெரிக்க வழக்கம், நம்ம ஸ்கூல் பிள்ளைங்க 14/3ன்னுதானே எழுதுறாங்க, அப்ப இது எப்படி பை ஆகும்னு ஒரு பிள்ளையாவது கேக்கும். அதுக்கு பதில் ஜூலை 22ல இருக்கு! நம்ம முறையில எழுதுனா 22/7, ஏழாம் கிளாஸ்ல இருந்து நாம போடுற அதே பை மதிப்பு. அதையும் ஒரு நாளா கொண்டாடுறாங்க. கணக்கு டீச்சர் யாராவது இருந்தா இந்த ரெண்டையும் டைரியில குறிச்சு, டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்தநாள், அதாவது நம்ம தேசிய கணித தினத்தையும் சேர்த்துக்கோங்க, ஒரு வருஷத்துல மூணு தடவை கணக்கைப் பத்தி சந்தோஷமா பேச இடம் கிடைக்குது.

படி 4: விசித்திர செய்தி எங்க கிடைக்கும்

தினசரி பேப்பர்ல ஓரத்துல வர்ற பெட்டிச் செய்தியில இருந்து ஆரம்பிங்க, அதுக்கு அப்புறம் நான் சொல்ற ஊற்றுகளைத் தேடிப் போங்க.

பதவியில இருக்கிற மிருகங்கள்னு ஒரு தனி வகையே இருக்கு. ஜப்பான்ல வகயாமா பக்கம் கிஷி ஸ்டேஷன்ல தாமாங்கிற பூனை 2007ல ஸ்டேஷன் மாஸ்டர் ஆச்சு. ஸ்காட்லாந்துல எடின்பரோ மிருகக்காட்சிசாலையில இருக்கிற நீல்ஸ் ஓலாவ்ங்கிற பெங்குவினுக்கு நார்வே ராஜாவோட காவல்படையில பதவி உயர்வு குடுத்துக்கிட்டே வந்து, 2023ல மேஜர் ஜெனரல் ஆக்கிட்டாங்க. லண்டன்ல பிரிட்டன் பிரதமர் குடியிருக்கிற டவுனிங் ஸ்ட்ரீட் 10ஆம் நம்பர் வீட்ல லாரிங்கிற பூனை 2011ல எலி பிடிக்கிற வேலைக்கு வந்துச்சு, அதுக்கு அப்புறம் பிரதமர் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் போனாங்க, லாரி அங்கேயே இருந்துச்சு.

ஊர் பேர்ல கிடைக்கிற செய்தியும் தனி ருசி. அமெரிக்காவுல ஒரிகன் மாநிலத்துல போரிங்னு ஒரு ஊர், ஸ்காட்லாந்துல டல்னு ஒரு ஊர், ரெண்டும் 2012ல ஜோடி ஊர்களா கைகோத்துக்கிச்சு, அடுத்த வருஷம் ஆஸ்திரேலியாவுல இருந்து பிளாண்ட்னு ஒரு வட்டாரம் வந்து சேந்துக்கிச்சு. மூணு ஊர்ப் பேருக்குமே இங்கிலீஷ்ல சுவாரசியம் இல்லாததுன்னுதான் அர்த்தம். மூணும் சேந்து உலகத்துல பேரு வாங்கிருச்சு.

அப்புறம் இக் நோபல். 1991ல இருந்து ஒவ்வொரு வருஷமும் குடுக்கிறாங்க, முதல்ல சிரிக்க வச்சு அப்புறம் யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிகளுக்கு. நம்ம பக்கத்து ஆட்களும் வாங்கியிருக்காங்க, 2001ல பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை டாக்டர்கள் ரெண்டு பேர் ஸ்கூல் பசங்க மூக்கு நோண்டுற பழக்கத்தை ஆராய்ஞ்சதுக்கும், 2002ல கேரள வேளாண் பல்கலைக்கழகத்துக்காரங்க யானை உடம்போட மொத்த மேற்பரப்பு எவ்வளவுன்னு கணக்குப் போட வழி கண்டுபிடிச்சதுக்கும் பரிசு கிடைச்சது. காந்தத்தை வச்சு தவளையை அந்தரத்துல மிதக்க விட்டதுக்கு 2000ல இந்தப் பரிசு வாங்குன ஆண்ட்ரே கெய்ம், 2010ல நிஜ நோபல் பரிசையே வாங்கிட்டாரு. பிள்ளைங்ககிட்ட இதை அவசியம் சொல்லணும்.

பழைய சரித்திரத்தையும் விட்டுறாதீங்க. 1932 நவம்பர்ல மேற்கு ஆஸ்திரேலியாவுல கோதுமை வயலை நாசம் பண்ண ஈமு கோழிகளை விரட்ட ராணுவம் இயந்திரத் துப்பாக்கியோட போயி, ஈமு சிதறி ஓடுற வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாம திரும்பி வந்துச்சு. 1992ல பசிபிக் கடல்ல ஒரு கப்பல்ல இருந்து கண்டெய்னர் விழுந்து கிட்டத்தட்ட 28,800 பிளாஸ்டிக் பொம்மைகள், வாத்து, ஆமை, தவளைன்னு கடல்ல மிதக்க ஆரம்பிச்சு, அது எந்தெந்த கரையில ஒதுங்குதுன்னு பாத்தே கடல் நீரோட்டத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ணாங்க.

கடைசியா நம்மூர். வெளிநாட்டுச் செய்தியா போட்டுக்கிட்டே இருந்தா விசித்திரம் எல்லாம் வேற எங்கேயோ நடக்குதுன்னு ஒரு நினைப்பு வந்துரும். மதுரை பக்கம் வடக்கம்பட்டி முனியாண்டி கோயில்ல விடிய விடிய பிரியாணி சமைச்சு அதையே பிரசாதமா குடுக்குறாங்க. சிவகங்கை மாவட்டத்துல கொள்ளுகுடிப்பட்டியில, பக்கத்து வேட்டங்குடி கண்மாய்க்கு வர்ற பறவைங்க பயந்துரக்கூடாதுன்னு தீபாவளிக்கு வெடியே வெடிக்க மாட்டாங்க. இந்த மாதிரி செய்தி உங்க ஊர்லயும் கண்டிப்பா இருக்கும், பெரியவங்ககிட்ட கேளுங்க.

படி 5: சரிபாக்குறது, இதுல மட்டும் சோம்பல் படாதீங்க

விசித்திர செய்தியில பொய் கலக்குறது ரொம்ப சுலபம், ஏன்னா படிக்கிறவங்க ஏற்கனவே ஆச்சரியப்பட தயாரா இருக்காங்க. என்னோட கருத்து என்னன்னா, உண்மையிலேயே நடந்த விசித்திரங்களே ஆயுசுக்கும் போட்டாலும் தீராது, அப்படி இருக்கும்போது ஒரு பொய்ச் செய்திக்கு இடம் குடுக்க வேண்டிய தேவையே இல்ல.

நம்ம குரூப்கள்ல சாகாவரம் வாங்குன ஒரு மெசேஜை எடுத்துக்குவோம். "இந்த மாசம் 5 வெள்ளி, 5 சனி, 5 ஞாயிறு வருது, 823 வருஷத்துக்கு ஒரு தடவைதான் இப்படி வரும், உடனே அஞ்சு பேருக்கு அனுப்புங்க". இதை சரிபாக்க இணையம் கூட வேண்டாம், சுவத்துல தொங்குற தினசரி காலண்டர் போதும். 31 நாள்னா நாலு முழு வாரமும் மூணு நாளும். அந்த மாசம் என்ன கிழமையில ஆரம்பிக்குதோ அந்தக் கிழமையும் அடுத்த ரெண்டு கிழமையும் அஞ்சு தடவை வந்துதான் ஆகணும், அதனால வெள்ளிக்கிழமை பிறக்கிற எந்த 31 நாள் மாசத்துலயும் இது நடக்கும். 2025 ஆகஸ்ட் வெள்ளிக்கிழமை பிறந்துச்சு, 2026 மே வெள்ளிக்கிழமை, 2027ல ஜனவரி, அக்டோபர் ரெண்டுமே வெள்ளிக்கிழமை. இன்னொண்ணும் இருக்கு, நாம பயன்படுத்துற ஆங்கில நாள்காட்டி 400 வருஷத்துக்கு ஒரு தடவை கிழமை கூட மாறாம அப்படியே திரும்ப வரும், அதனால 823 வருஷத்துக்கு ஒரு முறை மட்டும்னு ஒரு கிழமைக் கணக்கு இருக்கவே முடியாது. இந்த விளக்கத்தையே ஒரு நாள் தொகுப்புல போடுங்க, மூல மெசேஜை விட இதுக்குத்தான் வரவேற்பு அதிகம்.

இதே குடும்பத்துல இன்னும் சிலது உண்டு. நம்ம தேசிய கீதத்தை உலகத்துலயே சிறந்ததுன்னு யுனெஸ்கோ அறிவிச்சதா 2008 வாக்குல இருந்தே சுத்துது, யுனெஸ்கோ அப்படி எதுவும் அறிவிக்கல. 2016 நவம்பர்ல புது 2000 ரூபா நோட்டுல சிப் இருக்கு, பூமிக்கு அடியில பொதைச்சாலும் காட்டிக்குடுக்கும்னு டிவியிலயே வந்துச்சு. ரிசர்வ் வங்கி வெளியிட்ட பாதுகாப்பு அம்சங்கள் பட்டியல்ல சிப்புங்கிற பேச்சே இல்ல. ஆகஸ்ட் 27 ராத்திரி செவ்வாய் கிரகம் நிலா சைஸ்ல தெரியும்னு ஒரு மெசேஜ் வரும், 2003ல அந்தத் தேதியில செவ்வாய் பூமிக்கு சுமார் 5.58 கோடி கிலோமீட்டர் கிட்ட வந்தது நிஜம், அப்பவும் அது ஒரு பிரகாசமான புள்ளியாத்தான் தெரிஞ்சுது. பாருங்க, முழுப் பொய்யை விட இந்த மாதிரி பாதி நிஜம் ஒட்டிக்கிட்டு இருக்கிறதுதான் நம்மளை ஏமாத்தும்.

பெரிய இடங்களே ஏமாந்திருக்கு. 2012ல வட கொரியத் தலைவரை உலகத்தோட கவர்ச்சியான ஆண்னு தி ஆனியன்ங்கிற நையாண்டித் தளம் எழுதுனதை சீனாவோட பீப்பிள்ஸ் டெய்லி இணையதளம் நிஜம்னு நம்பி 55 படத்தோட போட்டுச்சு. 1957 ஏப்ரல் 1 அன்னிக்கு பிபிசி டிவியில சுவிட்சர்லாந்துல மரத்துல இருந்து ஸ்பகெட்டி அறுவடை பண்ற மாதிரி காட்டுனாங்க, எங்களுக்கும் அந்தச் செடி வேணும்னு ஜனங்க போன் பண்ணிக் கேட்டாங்க. ஏப்ரல் 1 தேதி போட்ட எந்த விசித்திர செய்தியையும் ரெண்டு நாள் கழிச்சு பாத்துக்கலாம்னு ஒதுக்கி வச்சிருங்க.

எப்படி சரிபாக்குறதுன்னா, முதல்ல தேதி பாருங்க, பழைய செய்தியை புதுசுன்னு அனுப்புறதுதான் அதிகம். அடுத்து ஊரு பேரும் ஆளு பேரும் இருக்கான்னு பாருங்க, "ஒரு வெளிநாட்டு விஞ்ஞானி"ன்னு மட்டும் இருந்தா விட்டுருங்க. படம் இருந்தா கூகுள் லென்ஸ்ல போட்டு முதல்ல எங்க வந்துச்சுன்னு தேடுங்க. அப்புறம் அந்த ஊர்ப் பத்திரிகையிலயோ அந்த அமைப்போட சொந்தப் பக்கத்துலயோ இருக்கான்னு பாத்துட்டு, ரெண்டு வெவ்வேற இடத்துல உறுதியானா மட்டும் டைரிக்கு கொண்டு வாங்க. ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் காப்பி அடிச்ச பத்து தளம் இருந்தாலும் அது ஒரு இடம்தான். ஐ.நா. தினம்னா இன்னும் சுலபம், அவங்க பக்கத்துல மொத்த பட்டியலும் இருக்கு, அதுல இல்லாத ஒண்ணை "ஐ.நா. அறிவிச்ச"ன்னு எழுதாதீங்க.

படி 6: யாரைப் பாத்து சிரிக்கிறோம்னு யோசிங்க

உத்தரப்பிரதேசம் அசம்கர் மாவட்டத்துல லால் பிகாரின்னு ஒரு விவசாயி, அரசாங்கப் பதிவேட்டுல 1975ல இருந்து 1994 வரைக்கும் செத்துப்போனவரா இருந்தாரு. உயிரோட இருக்கிற ஆளு, ஆனா காகிதத்துல பிணம். தன்னை மாதிரி இருக்கிறவங்களைச் சேர்த்து "இறந்தவர்கள் சங்கம்"னே ஒண்ணு ஆரம்பிச்சாரு, 2003ல அவருக்கு இக் நோபல் அமைதிப் பரிசு குடுத்தாங்க. தலைப்பா பாத்தா சிரிப்பு வரும். ஆனா சொத்துக்காக சொந்தக்காரங்களே ஒரு மனுசனை சாகடிச்சு எழுதி வச்ச கதை இது. நான் இதைப் போடும்போது சங்கத்தோட பேரை முன்னாடி வச்சு, நிலம் போனதை ரெண்டாவது வரியில சொல்லி, கடைசியில அவர் ஜெயிச்சதுல முடிப்பேன். அப்ப சிரிப்பு அந்த ஆபீஸ் நடைமுறை மேல போகும், அவர் மேல விழாது.

ஏழ்மை, உடம்பு முடியாதவங்க, தற்கொலை, விபத்து, ஒரு சாதியோட இல்ல ஊரோட நம்பிக்கை, இதெல்லாம் "வினோதம்"னு தலைப்பு போட்டு வந்தா எடுக்காதீங்க. தேதியும் முக்கியம். டிசம்பர் 26ல கடற்கரை ஊர்கள்ல ஜனங்க சுனாமியில போனவங்களுக்கு மெழுகுவத்தி ஏத்திக்கிட்டு இருப்பாங்க, அன்னிக்கு கலகலப்புத் தொகுப்பு வேண்டாம். உங்க குரூப்ல யார் வீட்லயாவது துக்கம்னா அன்னிக்கும் நிறுத்திருங்க.

படி 7: எழுதுறது

தாமா பூனையையே எடுத்துக்குவோம். வழக்கமா வர்ற மாதிரி எழுதுனா இப்படி இருக்கும்: "ஜப்பானில் பூனை ஒன்று ரயில் நிலைய அதிகாரியாகப் பணிபுரிந்தது அனைவரையும் ஆச்சரியத்தில் ஆழ்த்தியுள்ளது." இதுல ஊர் இல்ல, வருஷம் இல்ல, கண்ணுக்குத் தெரியுற ஒண்ணும் இல்ல, ஆச்சரியப்படணும்னு உத்தரவு மட்டும்தான் இருக்கு.

இப்ப இதைப் பாருங்க: "வகயாமா ரயில் கம்பெனி, கூட்டமே வராத கிஷி ஸ்டேஷன்ல வேலை பாத்த ஆட்களை நிறுத்திட்டாங்க. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில தாமான்னு ஒரு மூணு கலர் பூனை இருந்துச்சு. 2007 ஜனவரியில அதுக்கு அளவெடுத்து தொப்பி தைச்சுப் போட்டு ஸ்டேஷன் மாஸ்டர் ஆக்குனாங்க. சம்பளம் பூனைத் தீனி. அதைப் பாக்கவே ஜனங்க ரயில் ஏறி வந்தாங்க. 2015ல தாமா செத்தப்ப பெரிய இறுதிச் சடங்கு நடந்துச்சு, நிதாமான்னு இன்னொரு பூனை அந்த வேலைக்கு வந்துச்சு."

தொப்பியும் சம்பளமும்தான் இதுல உயிர். ஒவ்வொரு செய்தியிலயும் இந்த மாதிரி கையில தொடுற மாதிரி ஒரு விவரம் தேடுங்க. பால்ங்கிற ஆக்டோபஸ் 2010 கால்பந்து உலகக்கோப்பையில எட்டு மேட்சும் சரியா கணிச்சுதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா ரெண்டு நாட்டுக் கொடி ஒட்டுன ரெண்டு பெட்டியில தீனி வச்சு, எதுல முதல்ல வாய் வைக்குதோ அதுதான் ஜெயிக்கும்னு எடுத்துக்கிட்டாங்கங்கிறதையும், காசு சுண்டிப் போட்டு எட்டையும் சரியா சொல்ல 256ல ஒரு வாய்ப்புதான் இருக்குங்கிறதையும் சேத்தா செய்தி நிமிர்ந்து உக்காந்துக்கும்.

"அதிர்ச்சி", "நம்பவே மாட்டீங்க", "வைரல்" இந்த மூணு வார்த்தையையும் தொடாதீங்க. எமோஜி ஒண்ணோ ரெண்டோ போதும். எமோஜின்னதும் ஒண்ணு, ஜூலை 17 உலக எமோஜி தினம், ஏன் அந்தத் தேதின்னு யாராவது கேட்டா ஐபோன்ல காலண்டர் எமோஜியைக் காட்டுங்க, அதுல எழுதியிருக்கிறதே ஜூலை 17தான்.

படி 8: ஒரு நாள் தொகுப்பு முழுசா எப்படி இருக்கும்

கஷ்டமான ஒரு நாளையே எடுத்துக்குறேன், நவம்பர் 19. உலக கழிப்பறை தினம். முகம் சுளிக்காம, ஆனா சிரிப்பும் குறையாம எழுத முடியுமான்னு பாக்க இது நல்ல பயிற்சி.

"இன்னைக்கு உலக கழிப்பறை தினம். சிங்கப்பூர்ல ஜாக் சிம்ங்கிற தொழிலதிபர், யாரும் பேசக் கூச்சப்படுற விஷயத்தை நான் பேசுறேன்னு 2001ல ஆரம்பிச்சது. பன்னெண்டு வருஷம் கழிச்சு, 2013ல சிங்கப்பூர் அரசு முன்மொழிய ஐ.நா. சபையே ஏத்துக்கிச்சு.

டெல்லி போனா செங்கோட்டை பாத்துட்டு அப்படியே சுலப் கழிப்பறை அருங்காட்சியகத்தையும் பாருங்க. சுலப் அமைப்பை நிறுவுன பிந்தேஷ்வர் பாடக் 1992ல ஆரம்பிச்சது. பிரான்ஸ் ராஜா பதினாலாம் லூயியோட சிம்மாசனக் கழிப்பறை மாதிரியே ஒண்ணு செஞ்சு வச்சிருக்காங்க.

நம்ம திருச்சி பக்கம் முசிறியில ஒரு சூழல் கழிப்பறையில, உள்ள போறவங்க காசு குடுக்க வேண்டாம், அவங்களுக்குத்தான் தடவைக்கு 10 பைசா குடுத்தாங்க. சேகரிச்சதை உரமாக்க முடியுமான்னு பாத்தாங்க.

இன்னைக்கு செய்யறதுக்கு ஒண்ணு: உங்க தெருவை, உங்க ஆபீஸை சுத்தம் பண்றவங்க பேர் தெரியுமா? தெரியலன்னா கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு பேர் சொல்லி ஒரு வணக்கம் வைங்க."

வரிசையைக் கவனிச்சீங்கன்னா, நாள் எப்படி வந்துச்சுங்கிறது முதல்ல, தூரத்துல ஒண்ணு நடுவுல, பக்கத்துல ஒண்ணு அதுக்கு அப்புறம், கடைசியில செய்யறதுக்கு ஒரு சின்ன வேலை. அந்தக் கடைசி வரி இல்லன்னா படிச்சுட்டு போயிருவாங்க, அது இருந்தா சாயங்காலம் யாராவது வந்து "நான் செஞ்சேன்"னு சொல்லுவாங்க. சிட்டுக்குருவி தினம்னா மொட்டை மாடியில ஒரு கிண்ணம் தண்ணி, இடதுகைக்காரர் தினம்னா எல்லாரும் இடது கையில பேர் எழுதி போட்டோ, பிள்ளைங்களுக்கு அதை விட கொண்டாட்டம் வேற இல்ல.

படி 9: அனுப்புறது, திருத்துறது, சேத்து வைக்கிறது

காலையில ஏழு மணிக்குள்ள போனாத்தான் டீ குடிக்கும்போது படிப்பாங்க. அடுத்தவங்க எடுத்த படத்தை எடுத்துப் போடாதீங்க, எழுத்தே போதும், இல்ல வீட்ல யாராவது வரைஞ்சா அதைப் போடுங்க. யாராவது தப்பைச் சுட்டிக் காட்டுனா மறுபடியும் சரிபாத்துட்டு, மறுநாள் தொகுப்புல முதல் வரியாவே திருத்தத்தைப் போட்டு சொன்னவங்க பேரையும் சொல்லுங்க, அடுத்த தடவை அவங்களே செய்தி கொண்டு வந்து குடுப்பாங்க. ஸ்கூல்னா இந்த வேலையை வாரம் ஒரு பிள்ளைன்னு சுத்தி விடுங்க, சரிபாக்குறதை மட்டும் நீங்க கையில வச்சுக்கோங்க.

போட்டதையெல்லாம் தேதி வாரியா டைரியில ஒட்டி வைங்க. அதுல பிப்ரவரி 28க்கு அப்புறம் ஒரு பக்கத்தை காலியா விட மறந்துறாதீங்க. பிரான்ஸ்ல "லா பூஜி து சப்பர்"னு ஒரு பத்திரிகை, 1980ல இருந்து பிப்ரவரி 29 அன்னிக்கு மட்டும்தான் வரும், 2024ல வந்தது அவங்களோட பன்னெண்டாவது இதழ். நம்ம முன்னாள் பிரதமர் மொரார்ஜி தேசாய் பிறந்ததும் 1896 பிப்ரவரி 29தான். அடுத்தது 2028ல, செவ்வாய்க்கிழமை. உங்க குரூப்ல அந்த தேதியில பிறந்தவங்க யாராவது இருக்காங்களான்னு இப்பவே கேட்டு அந்தப் பக்கத்துல பேரை எழுதி வச்சிருங்க.